அப்பா பெயரில் பத்து நாயனம் வாங்குவதா, ஒரு வாத்தியாரை வைப்பதா?

கேள்வி: எங்கள் அப்பா நாதசுர வித்துவான். ஊர் கும்பகோணம் பக்கம். கோயில்களிலும் கல்யாணங்களிலும் வாழ்நாள் முழுக்க வாசித்தவர். போன வருடம் காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவரும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டோம், யாரும் வாசிக்கவில்லை. அவர் ஐந்தாவது வரை படித்த ஊர்ப் பள்ளிக்கூடம் இப்போது அரசு உயர்நிலைப் பள்ளி. அவர் நினைவாக அந்தப் பள்ளிக்கு ஏதாவது செய்ய 6 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். 10 நாதசுரமும் 5 தவிலும் வாங்கிக் கொடுத்து, நினைவு நாளில் ஆண்டுதோறும் ஒரு கச்சேரி வைத்து, பாட்டுப் போட்டியில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு ரொக்கப் பரிசு கொடுக்கலாம் என்பது அண்ணனின் யோசனை. தலைமையாசிரியர் ‘வாங்கிக் கொடுங்க, பார்த்துக்கலாம்’ என்கிறார். எங்கள் யோசனை சரிதானா? அப்பா வாசித்த இரண்டு நாயனங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றையும் பள்ளிக்கே கொடுத்துவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணனின் எண்ணம் நல்ல எண்ணம். வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. வாத்தியம் கடைசியில் வர வேண்டியது, வாத்தியார் முதலில் வர வேண்டியவர். ஊதத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத பள்ளிக்கு 10 நாயனம் போனால், கொடுக்கிற அன்று படம் எடுப்பார்கள், மறுநாள் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவார்கள். நாயனத்தின் மேல்முனையில் செருகி வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளி காய்ந்து வெடிக்கும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குத் தவில் தோல் தொய்ந்து பூசணம் பிடிக்கும். இரண்டு வருடம் கழித்து யாராவது வெளியே எடுத்துப் பார்த்தால் ஊதவும் முடியாது, அடிக்கவும் முடியாது. ஆகவே தலைமையாசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது ‘என்ன வாங்கித் தரட்டும்’ என்பதல்ல. ‘உங்கள் பள்ளியில் இசைக்கு ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்தில் எந்தப் பாடவேளையை இதற்குத் தர முடியும்’ என்று கேளுங்கள்.

பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். அரசுப் பள்ளிகளில் இசை ஆசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. 2012இல் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி என்ற பிரிவுகளில் எடுத்தார்கள். அவர்களில் பாட்டுத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊருக்கு வாய்த்திருந்தால் அது அதிர்ஷ்டம். வாய்க்கவில்லை என்றால் உங்கள் பணத்தின் முதல் வேலை, ஒரு வித்துவானை வாரம் இரண்டு நாள் தவறாமல் அந்தப் பள்ளிக்கு வரவைப்பதுதான்.

கணக்கைப் பார்ப்போம். ஜூன் முதல் ஏப்ரல் வரை பரீட்சையும் விடுமுறையும் போக 30 வாரம் கிடைக்கும். வாரம் 2 வகுப்பு என்றால் ஆண்டுக்கு 60. ஒரு வகுப்புக்கு 700 ரூபாய் மதிப்பூதியம், 100 ரூபாய் வழிச்செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து நிலவரத்தை விசாரித்து இந்தத் தொகையை மாற்றிக்கொள்ளலாம், கணக்குப் போடும் முறை மாறாது. ஆண்டுக்கு 48,000 ரூபாய் ஆகிறது. வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றிக் கொடுத்தால் 5 ஆண்டுக்கு 2,65,230. மூன்றாம் ஆண்டிலிருந்து தவிலுக்கும் ஒருவரை வைத்தால், அவருக்கு அந்த 3 ஆண்டுக்கு 1,66,830. இரண்டும் சேர்ந்து சுமார் 4 லட்சத்து 32 ஆயிரம். மிச்சம் 1 லட்சத்து 68 ஆயிரத்தில் வாத்தியங்களுக்கு 1 லட்சம், சீவாளி, தோல் மாற்றுதல், பழுது என்று ஆண்டுக்கு 8,000 வீதம் 40,000, இசைப்பள்ளிக்கு மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளின் செலவுக்கு 28,000. பணத்தில் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு வாத்தியார்களுக்குப் போகிறது. அப்படித்தான் போக வேண்டும்.

‘முதலைத் தொடாமல் வங்கியில் போட்டு, வட்டியில் காலம் முழுக்க நடத்தலாமே’ என்று வீட்டில் ஒருவர் நிச்சயம் சொல்வார். 6 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 42,000. முதலாம் ஆண்டு வாத்தியார் சம்பளத்துக்கே அது போதாது. சம்பளம் ஏற ஏற, வட்டி அப்படியே நிற்க, நான்காவது ஆண்டில் வாரம் ஒரு வகுப்பாகும். பிறகு மாதம் ஒன்றாகும். கடைசியில் ஆண்டு விழாவில் கொடுக்கும் ஒரு எவர்சில்வர் கோப்பையாக அது சுருங்கிப் போகும். இந்த அளவுத் தொகையை 5 ஆண்டில் செலவழித்துத் தீர்ப்பது என்று முடிவெடுத்து இறங்குங்கள். 6ஆம் வகுப்பில் சேர்கிற ஒரு பிள்ளை 10ஆம் வகுப்பு முடிக்க ஆகும் காலம் அதுவே. முடிவில் ஊரும் பழைய மாணவர்களும் கைகொடுத்தால் தொடரலாம். செலவாகாத பணத்தை ஆண்டுக்கு ஒன்றாக முதிரும்படி தனித்தனி வைப்புகளாகப் பிரித்துப் போட்டால் அந்த வட்டியும் கூடுதலாகச் சேரும்.

முதல் வருடம் நாயனமே வேண்டாம். கேட்க வருத்தமாக இருக்கும், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியம் மாதிரி கட்டையை அழுத்தினால் சுரம் வந்துவிடுகிற கருவி அல்ல அது. 7 விரல் துளைகள்தாம். இடைப்பட்ட சுரங்களும், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகமும் துளையைப் பாதி மூடுவதிலும் மூச்சைக் கூட்டிக் குறைப்பதிலும் உதட்டைப் பிடிக்கும் விதத்திலும் பிறக்கின்றன. சுரம் காதில் ஏறாத பிள்ளைக்கு, தான் ஊதுவது சுருதி விலகிய சுரம் என்பதே தெரியாது. அதனால் பழைய குருகுலத்தில் செய்ததையே பள்ளியிலும் செய்ய வேண்டும்: முதலில் வாய்ப்பாட்டு. 6ஆம் வகுப்பு முழுவதையும் உட்கார வையுங்கள். ‘குரல் நன்றாக இருக்கிற பிள்ளைகள்’ என்று பொறுக்க வேண்டாம். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற தொடக்கப் பாடங்கள், கையில் தாளம், வாயில் தகதிமி, தகிட. சத்துணவு முடிந்த கையோடு வகுப்பு வைத்தால் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். காலை முதல் பாடவேளையோ மாலைக் கடைசிப் பாடவேளையோ கேளுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கிற ஒரு தவறு உண்டு. ஆண் வித்துவான் தன் குரலுக்கு ஏற்ற ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடிக் காட்டுவார். அந்தச் சுருதியில் கீழே போகவும் முடியாமல் ஒரு ஸ்தாயி மேலே ஏறவும் முடியாமல் பிள்ளைகள் கத்துவார்கள். ஒரு மாதத்தில் தொண்டை கட்டும், ‘எனக்குப் பாட்டு வராது’ என்று பாதிப் பேர் ஒதுங்குவார்கள். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்று வாங்கி, பிள்ளைகளுக்கு ஒத்து வரும் 5 அல்லது 5½ கட்டையில் வைத்துவிடுங்கள். வாத்தியாருக்கு அது எட்டாவிட்டால் சிறு கீபோர்டில் சுரத்தைக் காட்டட்டும். 8, 9ஆம் வகுப்பில் பையன்களுக்குக் குரல் உடையும். அப்போது பாட்டை விட்டு ஓடப் பார்ப்பார்கள். தவிலுக்கும் நாயனத்துக்கும் அவர்களைத் திருப்ப வேண்டிய நேரம் அதுதான்.

முதலாண்டுக்கு இலக்கு ஒன்று வேண்டும் இல்லையா? தமிழ்த்தாய் வாழ்த்தையே வையுங்கள். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது, 55 விநாடி, மோகன ராகம், மூன்று மூன்றாக எண்ணும் மூன்றன் நடை. ஐந்து சுர ராகம் என்பதால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். காலை வணக்கத்தில் ஒலிபெருக்கியில் ஓடுவதை நிறுத்திவிட்டு, 6ஆம் வகுப்பு சுருதி சேர்ந்து வாயால் பாடினால் முழுப் பள்ளிக்கும் இந்த வகுப்பின் அருமை ஒரே நாளில் தெரிந்துவிடும். மறுவருடம் அதே பாட்டை ஒரு பிள்ளை நாயனத்தில் வாசிக்கும். கலைத்திருவிழாப் போட்டிகள் 2022 முதல் பள்ளி அளவில் தொடங்கி மாநில அளவு வரை நடக்கின்றன. அதுவும் நல்ல வாய்ப்பு. ஆனால் போட்டிக்காக ஒரே பாட்டை மூன்று மாதம் அரைக்கிற வகுப்பாக இது மாறிவிடக் கூடாது என்று வாத்தியாரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

வாத்தியாரை எங்கே தேடுவது? அப்பாவோடு வாசித்த செட்டிலேயே ஒருவர் இருப்பார். அவர் பாணியை நன்றாக அறிந்தவர், பிள்ளைகளிடம் பொறுமையுள்ளவர் என்றால் அவரை விடாதீர்கள். கச்சேரி வித்துவான் எல்லாரும் நல்ல வாத்தியார் ஆகிவிட மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இல்லையென்றால் திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலோ மாவட்ட அரசு இசைப்பள்ளி ஒன்றிலோ படித்து முடித்த இளைஞர்களை விசாரியுங்கள். பயிற்சி பெற்றுவிட்டு முகூர்த்த நாளை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளைகள் அவர்களில் பலர். மாதாமாதம் வரும் நிலையான ஒரு தொகை அவர்களுக்குப் பெரிய உதவி. ஒரு கலைஞரின் பெயரால் இன்னொரு கலைஞர் தொழிலில் நிலைத்து நிற்கிறார் என்றால், அதைவிட உங்கள் அப்பாவுக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

ஒன்றை மட்டும் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: முகூர்த்தம். வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாள் அன்று வாத்தியார் வர மாட்டார், வரச் சொல்வதும் நியாயமில்லை. அவர் பிழைப்பு அது. பஞ்சாங்கத்தையும் பள்ளி நாட்காட்டியையும் ஜூனிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து 60 வகுப்புகளுக்கும் தேதி குறித்துவிடுங்கள். கல்யாணம் இல்லாத ஆடி மாதத்தில் வாரம் 4 வகுப்பு வைத்தால் ஆவணியில் விட்டுப்போவதை முன்கூட்டியே ஈடுகட்டிவிடலாம். மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் அரையாண்டுத் தேர்வு குறுக்கே நிற்கும். அதை நம்ப வேண்டாம். ‘வர முடியாத நாளுக்கு ஈடு வகுப்பு உண்டு, நடந்த வகுப்புக்கே பணம்’ என்று எழுதிக்கொண்டால் பிறகு மனக்கசப்பு வராது.

இரண்டாம் ஆண்டு நாயனத்துக்கு வாருங்கள். பத்து வேண்டாம், மூன்று போதும். 12 வயதுக்குக் கீழே பல பிள்ளைகளுக்கு விரல் எட்டாது, மூச்சும் நிற்காது. அரசு இசைப்பள்ளிகளிலேயே 12 வயதிலிருந்துதான் சேர்க்கிறார்கள். ஆகவே 7ஆம் வகுப்புக்கு வந்தவர்களில் தாமாக விரும்பிக் கேட்கிற எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்து, நான்கு நான்கு பேராக வகுப்பு வைக்கலாம். ஒருவர் ஊத மற்றவர் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சுரம் சொல்வார்கள். தன் முறைக்குக் காத்திருக்கும் அந்த நேரமும் பாடம்தான். மூன்றாம் ஆண்டு இன்னொரு நாயனமும் இரண்டு தவிலும் சேர்க்கலாம். தவில் பிள்ளைகள் முதல் சில மாதம் மரக்கட்டையில் கழியால் அடித்தும் வாயால் தாளச் சொற்களைச் சொல்லியும் சாதகம் செய்யட்டும். கையில் நிதானம் வராமல் தவிலைக் கொடுத்தால் தோல்தான் கிழியும்.

நாயனத்தைக் கடையிலோ இணையத்திலோ படம் பார்த்து வாங்காதீர்கள். வரவேற்பறையில் வைக்கும் அலங்காரப் பொருளாகச் செய்தவையும் அதே பெயரில் விற்பனையாகின்றன. துளைகள் கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும், சுரம் சேராது. உங்களுக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை இருக்கிறது. அங்கே செய்கிற நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நன்றாக உலர்ந்த பழைய ஆச்சா மரத்தைக் கடைந்து உலவு, அதாவது நாயனத்தின் நீண்ட குழல், செய்கிறார்கள். நாதசுர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி செய்த, பாரி என்னும் நீண்ட வகை நாயனம்தான் இன்று பெரும்பாலோர் வாசிப்பதன் முன்னோடி. வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்றையும் ஒரே ஆசாரியிடம், ஒரே கட்டையில், 2 அல்லது 2½ என்று தீர்மானித்து, ஒரே நேரத்தில் சொல்லி வையுங்கள். ஒன்று இரண்டு கட்டை, இன்னொன்று இரண்டரை என்று வாங்கிவிட்டால் பிள்ளைகள் ஆயுளுக்கும் சேர்ந்து வாசிக்க முடியாது. வாங்கும்போது வாத்தியார் தன் சீவாளியைப் போட்டு, சுருதிப் பெட்டியோடு, கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை ஒவ்வொரு சுரமாக நிறுத்தி ஊதிப் பார்க்கட்டும். சுத்த மத்தியமம் (‘ம’ சுரத்தின் தாழ்ந்த வகை) நேராக நிற்கிறதா என்று தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள். விரல் வைக்கும் ஏழு போக உள்ள பிரம்மசுரத் துளைகளில் மெழுகு அடைத்து அங்கேயே சரிசெய்து வாங்கிவிடலாம். கொண்டுவந்த பிறகு பள்ளியில் யாரும் அந்த மெழுகைத் தொட்டுப் பார்க்கக் கூடாது.

சீவாளி விஷயத்தில் சிக்கனம் கூடவே கூடாது. ஒரு நாயனத்தை நான்கு பிள்ளைகள் ஊதலாம், ஒரு சீவாளியை இரண்டு பேர் ஊதக் கூடாது. சளி, காய்ச்சல் எல்லாம் அதன் வழியே பரவும், ஒரு பெற்றோர் புகார் கொடுத்தாலும் வகுப்பு நின்றுவிடும். ஆளுக்கு இரண்டு சீவாளி, பெயர் எழுதிய சிறு டப்பா, டப்பா மூடியில் காற்றுப் போக இரண்டு துளை. காற்றுப் புகாமல் மூடினால் ஈரம் தங்கிப் பூசணம் வரும். ஊதி முடித்ததும் உலவுக்குள் இருக்கும் ஈரத்தை மெல்லிய துணியை இழுத்துத் துடைத்து, அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டுப் பையில் போட வேண்டும். வெயிலில் காயவைத்தால் மரம் வெடிக்கும். கரையான் வராத இரும்பு அலமாரி, தரையிலிருந்து ஒரு முழம் உயரத் தட்டு. பூச்சிக்குப் பயந்து பாச்சா உருண்டை போட்டுவிடாதீர்கள், வாயில் வைத்து ஊதுகிற கருவி அது. அலமாரிச் சாவி ஒன்று வாத்தியாரிடமும் ஒன்று பள்ளியில் ஓர் ஆசிரியரிடமும் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் அறை மேசையில் மட்டும் இருந்தால், அவர் கூட்டத்துக்குப் போன நாளெல்லாம் வகுப்பு இல்லை.

சத்தம் இன்னொரு சிக்கல். ஒரு நாயனம் பேசினால் பக்கத்து வகுப்புகளில் கணக்கும் நடக்காது, ஆங்கிலமும் நடக்காது. மற்ற ஆசிரியர்கள் ஒரு வாரம் பொறுப்பார்கள், இரண்டாம் வாரம் முணுமுணுப்பார்கள், மார்ச்சில் பொதுத்தேர்வைக் காரணம் காட்டி நிறுத்தச் சொல்வார்கள். நாயனமும் தவிலும் பள்ளி விட்ட பிறகு, திறந்த கூடத்திலோ மரத்தடியிலோ நடக்கட்டும். மூடிய சிறு அறை பிள்ளைகளின் காதுக்கும் நல்லதல்ல.

யார் கற்பது என்பதைச் சுற்றிப் பேச்சு எழும். அதைத் தவிர்க்க முடியாது, முகம் கொடுத்துப் பேசிவிடுவதே நல்லது. நாயனத்தை இத்தனை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தவர்கள் இசை வேளாளர், மருத்துவர் என்ற சமூகங்களைச் சேர்ந்த வித்துவான்கள். அதே காரணத்தால் ‘எங்கள் பிள்ளைக்கு எதற்கு இந்தத் தொழில்’ என்று ஒரு வீடும், ‘பொம்பளைப் பிள்ளைக்கு நாயனமா’ என்று ஒரு வீடும், ‘இது கோயில் வாத்தியம் ஆயிற்றே’ என்று ஒரு வீடும் தயங்கும். வகுப்பு தொடங்குமுன் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். மதுரை பொன்னுத்தாய் என்ற பெண் நாயனம் வாசித்துப் பெரும் பெயர் எடுத்ததைச் சொல்லுங்கள். ஷேக் சின்ன மௌலானா திருவரங்கத்தில் வாழ்ந்து நாயனத்தில் உச்சம் தொட்டதையும், ஷேக் மெகபூப் சுபானி, காலிஷாபி மெகபூப் தம்பதிக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததையும் சொல்லுங்கள். சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி வைப்பது அவசியம். மாலை வகுப்பு என்பதால் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

இனி காகிதம். ‘பார்த்துக்கலாம்’ என்ற தலைமையாசிரியர் நல்லவராகவே இருப்பார். ஆனால் பொதுமாறுதல் கலந்தாய்வில் அடுத்த வருடமே வேறு ஊருக்குப் போய்விடக்கூடும். வருகிறவருக்கு உங்கள் அப்பாவையும் தெரியாது, வாய்மொழியாகப் பேசியதும் தெரியாது. அதனால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து வகுப்பெடுக்கிறார் என்பதால் முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதியும் தேவை. தலைமையாசிரியர் வழியாகவே விண்ணப்பம் போகட்டும். வகுப்பு நடக்கும்போது பள்ளி ஆசிரியர் ஒருவர் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, வாத்தியாருக்கும் பாதுகாப்பு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: எந்த நாள், எந்த இடம், சாவி யாரிடம், பழுதுச் செலவு யாருடையது, பிள்ளைகளிடம் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது, ஆறு மாதம் வகுப்பு நின்றுபோனால் வாத்தியங்கள் எங்கே போக வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. வாத்தியங்களை நன்கொடையாகக் கொடுத்துப் பள்ளி இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அவை அரசுச் சொத்து. தவிலைத் தோல் மாற்ற வெளியே கொண்டுபோவதற்கும் கையெழுத்து வேண்டும், வகுப்பு நின்றால் இன்னொரு பள்ளிக்கு மாற்றுவது லேசில் நடக்காது. முதல் மூன்று ஆண்டு வாத்தியங்கள் உங்கள் குடும்பத்தின் பெயரிலேயே இருந்து, பள்ளிக்கு இரவலாகப் போகட்டும். தனிப் பதிவேடு, ஒவ்வொன்றிலும் ஓர் எண். வகுப்பு வேர் பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகு எழுதிக் கொடுங்கள். அலமாரி, சுருதிப் பெட்டி போன்றவற்றை முதலிலேயே நன்கொடையாகத் தரலாம். அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் இணையதளம் வழியாகச் செய்தால் கணக்கும் ரசீதும் முறையாக இருக்கும்.

வாத்தியார் சம்பளத்தை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுத்தனுப்ப வேண்டாம். வருகைப் பதிவின் படத்தை மாதக் கடைசியில் பார்த்து, உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். இதற்கென்று தனி அறக்கட்டளை பதிவு செய்யலாமா என்ற கேள்வி வந்தால், இந்தத் தொகைக்குத் தேவையில்லை என்பேன். பதிவு, பான் அட்டை, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் என்று பணமும் உழைப்பும் அதிலேயே போகும். மூன்று பேர் பெயரிலும் ஒரு கூட்டுக் கணக்குப் போதும். வரிச் சலுகையை நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள். பொருளாகக் கொடுப்பதற்கு வருமான வரிக் கழிவு கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்குப் பணமாகக் கொடுத்தாலும் இந்தக் கழிவு இல்லை.

ரொக்கப் பரிசை விட்டுவிடலாம் என்றே சொல்வேன். பாட்டுப் போட்டியில் முதலாவதாக வருவது பெரும்பாலும் வெளியே காசு கொடுத்துக் கற்கும் பிள்ளை. உங்கள் பணம் தேவையில்லாத இடத்துக்கே போய்ச் சேரும். அதற்கு ஒதுக்குவதை, 10ஆம் வகுப்பு முடித்து மாவட்ட இசைப்பள்ளியிலோ கோயில் நாதசுர, தவில் பயிற்சிப் பள்ளியிலோ சேரும் பிள்ளையின் பேருந்துச் செலவுக்கும் சொந்த நாயனத்துக்கும் கொடுங்கள். கச்சேரி நடக்கட்டும், ஆனால் மேடையும் விளக்கும் ஊருக்குச் சாப்பாடும் இல்லாமல். நினைவு நாள் வேலை நாளாக அமைந்தால் பள்ளிக் கூடத்திலேயே முக்கால் மணி நேரம். முதல் கால் மணி பிள்ளைகள் வாசிப்பார்கள், பிறகு வித்துவான் ஒரு மல்லாரி வாசித்து, அது சாமி புறப்பாட்டில் எப்போது வரும், தவில் அங்கே என்ன செய்கிறது என்று சொல்வார், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அப்பா பெயர் வகுப்பின் பெயரிலேயே இருக்கட்டும். காலை வணக்கத்தில் ‘இன்று மாலை இன்னார் நினைவு நாதசுர வகுப்பு’ என்று வாரம் இரண்டு முறை சொல்லப்படுவதற்குக் கல்வெட்டு ஈடாகாது.

அப்பாவின் இரண்டு நாயனங்களையும் பள்ளி அலமாரிக்கு அனுப்பாதீர்கள். தொடக்கப் பிள்ளையின் கைக்கு அவை இப்போது வேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்கும் வேண்டாம். ஊதாமல் கிடக்கும் நாயனம் மெல்ல மெல்ல நாதம் இழக்கும். நரசிங்கம்பேட்டைக்கு எடுத்துப்போய், உலவில் மர ஓட்டத்தோடு விரிசல் இருக்கிறதா, அணசு என்ற விரிந்த அடிப்பகுதி பொருந்தி உட்காருகிறதா, சீவாளி செருகும் கெண்டை தளர்ந்திருக்கிறதா என்று காட்டுங்கள். என்ன எண்ணெய், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று ஆசாரி சொல்வதை மட்டும் செய்யுங்கள். பிறகு ஒன்றை வகுப்பெடுக்கும் வாத்தியாரிடம் இரவலாகக் கொடுங்கள், பிள்ளைகள் அந்த நாதத்தைக் கேட்டே வளரட்டும். இன்னொன்றை வீட்டில் வைத்திருந்து, மூன்று நான்கு ஆண்டில் முதன்முதலாக ராகம் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்குப் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கி இரவல் கொடுங்கள்.

வீட்டில் அப்பா வாசித்த கேசட்டுகள் இருக்கும், அவற்றுக்கு இதையெல்லாம்விட அவசரம். நாடாவில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் எந்த டெக்கிலும் போட்டுப் பார்க்காமல் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். நன்றாக இருப்பதை ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, டெக்கின் தலையைத் துடைத்து, சுருக்காத வேவ் கோப்பாக மாற்றி மூன்று இடத்தில் வையுங்கள். கூட வாசித்தவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு, எந்த ஊர், எந்தக் கோயில், தவில் யார், என்ன ராகம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிவிடுங்கள். திருச்சி வானொலியில் வாசித்திருந்தால் அங்கேயும் விசாரிக்கலாம். மூன்றாம் ஆண்டிலிருந்து பிள்ளைகள் இந்த ஒலிப்பதிவைக் கேட்டு அதன்படி வாசிக்க முயல்வார்கள். அவர் பாணி கைமாறுவதற்கு இருக்கும் முக்கியமான வழி இது.

தலைமையாசிரியரை ஏப்ரலிலேயே, கால அட்டவணை போடுமுன் பாருங்கள். மே மாதத்தில் வாத்தியாரை முடிவு செய்து, மேலாண்மைக் குழுத் தீர்மானமும் அனுமதியும் கையில் வந்த பிறகு ஜூன் மூன்றாம் வாரம் முதல் வகுப்பை வைத்துக்கொள்ளலாம். அதற்குள் வாங்க வேண்டியவை சுருதிப் பெட்டி ஒன்று, ஒரு ஜோடி ஜால்ரா, 40 நோட்டுப் புத்தகம், வருகைப் பதிவேடு ஒன்று.